திராட்சைத் தோட்டத்தில் ஒரு வெள்ளோட்டம்

இங்கிலாந்தின் திராட்சைத் தோட்டங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுபவை, விடாதவை. மண்ணின் தன்மை, சரிவு பார்க்கும் திசை, கொடியின் வகை என்று பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதவர்கள்.

நாங்கள் நான்கு பேர். ஒவ்வொரு கோடை முடிவிலும், பழம் முற்றும் சமயம் பார்த்து, லண்டனிலிருந்து ஒரு நாள் பயணமாக ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய்வருகிறோம். எங்கே போவது என்று தீர்மானிப்பது என் பொறுப்பு. நான் கவுன்சிலில் மது விற்பனை அனுமதிப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒரு தோட்டத்தின் இணையப் பக்கத்தில் அந்திச் சூரியனும் கண்ணாடிக் கிண்ணமுமாக எத்தனை படம் போட்டிருந்தாலும், அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் வாசிப்பேன். படத்தில் இருப்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

மற்ற மூவரின் பெயரை எழுதினால் கோபிப்பார்கள். எழுதாமல் விட்டாலும் கோபிப்பார்கள், ஆனால் அது தாங்கள்தான் என்று நிரூபிப்பது கடினம். ஒருவர் கிழக்கு லண்டனின் ஓரத்தில் இருக்கும் செவன் கிங்ஸ்காரர். கணக்காளராக இருந்தவர், சமையல் தெரிந்தவர். இன்னொருவர் தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்து, அதை மகனிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததை மறந்து தினமும் கடைக்குப் போகிறவர். மூன்றாமவர் டொக்டர், மதுரைக்காரர். ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறார். வாலிப வயதில் கிழக்கு லண்டனில் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்து இருந்தோம். டொக்டர் மேல்மாடியில் இருந்தார். ஒரு நாள் மீன்குழம்பு மணம் பிடித்துக் கீழே இறங்கி வந்தவர், பிறகு எங்களைவிட்டுப் போகவில்லை. இதுதான் எங்கள் நட்பின் வரலாறு என்று நாற்பது வருடமாகச் சொல்லி வந்தோம்.

அறுபது வயதுவரை நாங்கள் விஸ்கி குடித்தோம். பிறகு டொக்டர் எங்கள் மூவரின் இரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, இனி வைன் என்று முடிவு செய்தார். வைன் நல்லது என்று அவர் சொல்லவில்லை. விஸ்கியை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறோம் என்று பார்த்திருந்தார். வைன் எங்களுக்குப் பழக்கமில்லாததால் மெதுவாகக் குடிப்போம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு ஒரு வருடம் சரியாக இருந்தது.

முதலில் போனது லண்டனின் வட எல்லையிலேயே பஸ் போகும் ஒரு தோட்டம். முதியோர் பயண அட்டையில் போகலாம் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எதுவும் நினைவில்லை. அடுத்தது லண்டனுக்குத் தெற்கே சறேயில். அங்கே செவன் கிங்ஸ்காரர் பொரித்துக் கொண்டுவந்திருந்த கருவாட்டைத் திறந்ததும், நான்கு மேசை தள்ளி இருந்தவர்கள் எழுந்துபோய் யாரிடமோ பேசினார்கள். மறு வருடம் அந்தத் தோட்டத்தின் விதிகளில் ஒரு புதிய வரி சேர்ந்திருந்தது: மற்ற விருந்தினர் வைனின் மணத்தை அனுபவிப்பதற்கு இடையூறான உணவுகளைத் தவிர்க்கவும். நல்ல வாசகம். எந்த உணவு, எந்த நாடு என்று ஒரு சொல் இல்லை. அந்த வேலையை என்னிடம் தந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதன் பிறகு கென்ட் பக்கம் போகத் தொடங்கினோம்.

இந்தப் பயணங்களில் சாப்பாடு எப்போதும் செவன் கிங்ஸ்காரருடையது. அவருடைய சமையலில் ஒரு சட்டம் உண்டு. சமைப்பவர் சமைத்து முடித்துப் பரிமாறும்வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது, வைத்தால் எச்சில். சாமிக்குப் படைப்பது என்றால் எங்கள் எல்லோர் வீட்டிலும் இந்தச் சட்டம் உண்டு. நான்கு கிழவர்கள் தின்னப்போகும் இறால் கறிக்கும் அதைக் கடைப்பிடிப்பவர் அவர் ஒருவர்தான். உப்பு, புளி, உறைப்பு எல்லாவற்றையும் சட்டியிலிருந்து எழும் ஆவியை மணந்து பார்த்தே முடிவு செய்வார். உப்புக்கு மணம் கிடையாது என்று டொக்டர் பல தடவை விளக்கியிருக்கிறார். சாப்பாட்டில் உப்புச் சரியாக இருந்ததால் விளக்கம் எடுபடவில்லை.

சென்ற விண்டரில் வந்த ஒரு காய்ச்சலோடு அவருக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. அடுப்பில் பால் கருகி, கூரையில் இருந்த புகை அலாரம் அடித்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. மனிதர் அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தார். டொக்டர் அவரை மூக்கு நிபுணரிடம் அனுப்பினார். அங்கே ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் என்று நான்கு சிறு போத்தல் கொடுத்து, காலையும் மாலையும் மணந்து பழகச் சொன்னார்கள். இவரும் பக்தியோடு மணந்தார். நான்கும் தண்ணீர் என்றார். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார் டொக்டர். வேலை பார்த்த காலம் முழுவதும் எல்லா நோய்க்கும் அவர் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார் என்று தோர்ண்டன் ஹீத்காரர் குறிப்பிட்டார்.

இந்த மூக்கு விவகாரத்தை எங்கள் மூவரைத் தவிர அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் இல்லை. காரணம் திவசம்.

அவருடைய மனைவி அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். கடைசி வாரங்களில் அவரால் சரியாக விழுங்க முடியவில்லை. கூழாக்கிய ஆஸ்பத்திரிச் சாப்பாடு மட்டும்தான். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. தன் புருசனின் கறியில் ஒரு வாய் கேட்டுக்கொண்டே இருந்தார். விதி சரியான விதிதான். மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. வார்ட் வாசலில் நின்று அதைச் செவன் கிங்ஸ்காரருக்கு விளக்கிச் சொன்னவனும் நானே. கொண்டுவந்த பெட்டியை அவர் திருப்பிக் கொண்டுபோனார்.

பிறகு நடந்த சடங்குகளிலும் அவருக்குச் சமைக்க வாய்க்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உறவினர் சமைத்தார்கள். மாதாமாதம் வந்த மாசியங்களுக்கு மகள் கேட்டரிங் ஒழுங்கு செய்தாள். ஆண்டுத் திவசத்துக்குத் தானே சமைத்து, தானே இலையில் படைக்கப்போவதாக அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்; மூக்கு விஷயம் வெளியே வந்தால் விடமாட்டார்கள். மகள் மறுக்கவில்லை, ஆனால் இல்ஃபோர்டில் ஒரு கேட்டரிங்காரரிடம் அந்தத் திகதிக்குச் சொல்லி வைத்திருந்தாள். வேண்டாம் என்றால் ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இந்த வருடம் கென்ட்டுக்குப் போனது அதற்கு முந்திய வியாழக்கிழமை.

லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் சந்தித்தோம். காலை நெரிசல் முடிந்து எங்கள் அட்டை செல்லுபடியாகும் நேரம். லண்டன் எல்லைக்கு அப்பால் மட்டும் தனியாக டிக்கெட் வாங்கலாம் என்பதை டிக்கெட் கவுண்டரில் இருந்தவருக்கு நான் விளக்கினேன். செவன் கிங்ஸ்காரர் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்தார். தோர்ண்டன் ஹீத்காரர் வழக்கம்போல் அதைக் கையால் தட்டிப் பார்த்து, உள்ளே ஆடா கோழியா என்று கேட்டார்.

"மரக்கறி," என்றார் செவன் கிங்ஸ்காரர்.

"மரக்கறியோ? வைனுக்கோ?"

"திவசத்துக்கு ஆடு வைப்பினமோ ஐசே?"

ரயில் புறப்பட்ட பிறகு அவர் விளக்கினார். திவசத்துக்குச் சமைக்க நினைத்திருந்த கறிகளில் பாதியை இன்று விடியவே எழும்பிச் சமைத்திருக்கிறார். கறித்தூளும் தானே வறுத்து இடித்த புதுத் தூள். இது படையல் இல்லை, வெள்ளோட்டம். ஆகவே நாங்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லலாம். தான் சாப்பிட்டு என்ன பயன், வாயில் வைப்பதெல்லாம் ஈரக் கடதாசி மாதிரி இருக்கிறது. திவசத்தன்று முதல் வாய் அவவுக்கு, மனைவிக்கு. அதற்கு முன் யாரும் தொட முடியாது. ஆகவே இன்றைக்கே தெரிய வேண்டும்.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றார். "நல்லாயிருந்தா நான் சமைக்கிறன். இல்லையெண்டா பிள்ளை பிடிச்ச ஆக்களே சமைக்கட்டும். நான் கோவிக்க மாட்டன்."

சொல்லுவோம் என்றோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்கு அதுவே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். சரிவு நீளத்துக்கும் கம்பிகளில் கொடிகள் வரிசையாகப் போயின. மது விற்கும் இடத்தில் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவராகத் தெரிபவர்கள் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற அறிவித்தல், வைக்க வேண்டிய உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. எங்களிடம் எவரும் கேட்கவில்லை.

சுற்றிக் காட்டிய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. கொடியை ஏன் வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுகிறார்கள், மே மாதப் பனி என்ன செய்யும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நீண்ட மேசையில் எங்களை நிறுத்தி ஆளுக்கு நான்கு கிளாஸ் வைத்தார். பார்ப்பது, மணப்பது, உறிஞ்சுவது, துப்புவது என்று வரிசை சொன்னார். துப்புவதற்கு ஒரு வெள்ளிநிற வாளி இருந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் வாயில் இருப்பதைத் துப்ப எங்களில் ஒருவராலும் முடியவில்லை. எல்லாவற்றையும் விழுங்கினோம். வாளியில் சேர்ந்ததை என்ன செய்வார்கள் என்று தோர்ண்டன் ஹீத்காரர் விசாரித்தார். ஊற்றிவிடுவோம் என்றதும் அவர் முகம் வாடியது.

பிறகு அந்தப் பெண்மணி, முதல் கிளாஸில் என்ன மணக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். இது நான் எதிர்பார்த்திராத கட்டம். இணையப் பக்கத்தின் சிறிய எழுத்தில் இருக்கவில்லை. நான் வெட்டிய புல் என்றேன். சுவரில் தொங்கிய படத்தில் அப்படிப் போட்டிருந்தது. டொக்டர், ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் என்றார். தோர்ண்டன் ஹீத்காரர் நெடுநேரம் யோசித்து, திராட்சை என்றார். இத்தனை வருடத்தில் யாருமே அப்படிச் சொன்னதில்லை என்றார் அந்தப் பெண்மணி. தோர்ண்டன் ஹீத்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

செவன் கிங்ஸ்காரரின் முறை வந்தது. நாங்கள் மூவரும் எங்கள் கிளாஸைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடி, மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, நன்றாக இழுத்தார். பிறகு நிதானமான ஆங்கிலத்தில், வெயிலில் காய்ந்த கல்லில் மழை விழுந்து ஓய்ந்தபின் வரும் மணம் என்றார். அடியில் கொஞ்சம் எலுமிச்சைத் தோல் என்றும் சேர்த்தார்.

அந்தப் பெண்மணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இன்று வந்தவர்களிலேயே நல்ல மூக்கு உங்களுடையதுதான் என்றார். எஞ்சிய மூன்று கிளாஸுக்கும் அவரையே கேட்டார். அவரும் சளைக்கவில்லை. வாட்டிய பாண் துண்டு, நேற்றுப் பறித்த பேரிக்காய், பழைய அலுமாரி. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண்மணி தலையாட்டினார். கடைசிக் கிளாஸில் எங்களுக்கும் பழைய அலுமாரி மணந்தது.

வெளியே வந்ததும், எப்படி என்று டொக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சும்மா வாயில வந்ததைச் சொன்னன்," என்றார் செவன் கிங்ஸ்காரர். "அவவுக்குச் சந்தோசம்தானே."

அப்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பையைத் திறக்கும்போது சிரிக்கவில்லை.

போத்தல் வாங்குபவர்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடக் கொடிகளின் ஓரத்தில் உட்கார நீள மர வாங்குகள் போட்டிருந்தார்கள். வெள்ளை வைன் இரண்டு போத்தல் வாங்கினோம். செவன் கிங்ஸ்காரர் வாழையிலை கொண்டுவந்திருந்தார். நான்கு இலை போடாமல் மூன்று போட்டார். சம்பாச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், ஒரு கீரை. ஒவ்வொன்றையும் தானே பரிமாறிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரே இருந்தார். கவுன்சிலில் விசாரணைக் குழுவுக்கு முன்னால் உணவகக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

கத்தரிக்காய்க் குழம்பை முதலில் தொட்டேன். கசந்தது. கத்தரிக்காயின் கசப்பு இல்லை, கருகல். தூள் அளவுக்கு மீறி வறுபட்டிருந்தது. விழுங்கிவிட்டு நாக்கைக் கழுவுவதற்காகப் பூசணிக்காய்க்குப் போனேன். அதில் உப்பே இல்லை. குறைவாக இல்லை, இல்லவே இல்லை. டொக்டரைப் பார்த்தேன். அவர் பூசணிக்காயைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோய், வைனால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். தோர்ண்டன் ஹீத்காரர் இரண்டாம் தரம் கத்தரிக்காய் கேட்டார்.

"எப்பிடி?" என்றார் செவன் கிங்ஸ்காரர்.

எங்கள் ஆட்கள் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லுவதில்லை. கலியாண வீட்டில் சொதி புளித்தால் காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அதைப் பேசுவோம். டொக்டர் எத்தனையோ குடும்பங்களை உட்காரவைத்துக் கெட்ட செய்தி சொன்னவர். நான் எத்தனையோ பேரின் விண்ணப்பத்தைக் காரணம் காட்டி நிராகரித்தவன். தோர்ண்டன் ஹீத்காரர் கடன் கேட்டு வந்தவர்களைச் சொந்தக்காரர் என்றும் பாராமல் திருப்பி அனுப்பியவர்.

"பிரமாதம்," என்றார் டொக்டர்.

"இதுதான் ஐசே சாப்பாடு," என்றார் தோர்ண்டன் ஹீத்காரர்.

குறை சொல்ல ஒன்றுமில்லை என்றேன் நான். அது கவுன்சில் வாசகம்.

"பூசணிக்காய்?"

பூசணிக்காய்தான் எல்லாவற்றிலும் சிறப்பு என்றார் டொக்டர். இதமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

செவன் கிங்ஸ்காரர் கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பூசணிக்காய்ப் பெட்டியை மூடினார்.

"பூசணிக்காய்க்கு நான் உப்புப் போடேல்லை," என்றார். "வேணுமெண்டுதான் போடேல்லை. நீங்கள் சொல்லுறீங்களோ எண்டு பார்த்தன்."

கொடிகளுக்குள் பழம் தின்னும் குருவிகளை விரட்ட ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். அது ஒரு வெடி வெடித்தது. யாரும் திடுக்கிடவில்லை.

"கோவமில்லை," என்றார். "இவ்வளவு காலமும் உங்கட சொல்லைக் கேட்டு நான் சமைக்கேல்லைத்தானே. நீங்கள் எண்டைக்கும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவீங்கள். அவதான் சொல்லுவா. முதல் வாய் வைச்ச உடனே, இண்டைக்குத் தூள் கசக்குது, இண்டைக்குப் புளி கூடிப்போச்சு எண்டு. உப்பை மணந்து பார்த்தனான் எண்டு உங்களுக்கு நான் விட்ட கதை. அவ ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லித்தான் என்ர கை திருந்தினது."

அவர் கைத்தொலைபேசியை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். மகளுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். கேட்டரிங்காரரே சமைக்கட்டும், அவர்கள் செய்வதில் ஒரு ருசியும் இல்லை, ஆனால் பிழையும் இல்லை. அவவுக்கு வைக்கும் இலையில் தெரியாமல் ஒன்றை வைப்பதைவிட அது மேல்.

மகளின் பெயரை அவர் திரையில் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் மூவரில் யாராவது பேச வேண்டும். டொக்டர் தன் இலையைப் பார்த்தார். தோர்ண்டன் ஹீத்காரர் டொக்டரைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"கத்தரிக்காயும் சரியில்லை," என்றேன். "தூள் கருகிப்போச்சு ஐசே."

அவர் விரல் நின்றது.

"எவ்வளவு?"

"தின்ன ஏலாது."

தோர்ண்டன் ஹீத்காரர் என் காலை மிதித்தார். செவன் கிங்ஸ்காரர் தொலைபேசியை வாங்கில் வைத்தார். எது கருகல், மல்லியா, செத்தல் மிளகாயா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கருகல் என்று மட்டும்தான் தெரிந்தது. டொக்டர் இன்னொரு முறை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தை இந்த முறை மறைக்காமல் சுளித்து, கசப்பு பின்னால்தான் வருகிறது என்றார். அப்படியென்றால் அது வெந்தயம் என்றார் தோர்ண்டன் ஹீத்காரர், கடைக்காரராக மாறி. "நீர் அதை மல்லியோட சேர்த்துப் போட்டிருக்கிறீர். கடைசியாப் போட்டு உடன இறக்க வேணும்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"ரெண்டாந்தரம் வாங்கித் திண்டனே. வேற என்னெண்டு சொல்லுறது?"

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுதுவது கடினம். இரண்டாவது போத்தலும் முடிந்துகொண்டிருந்தது. கதவு ஒன்று திறந்ததுபோல், நாற்பது வருடமாகப் பதிவு செய்யப்படாத முறைப்பாடுகள் எல்லாம் வெளியே வந்தன. என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு அவர் சமைத்த கோழிப் புரியாணியில் கராம்பு தவிர வேறு ருசியே இருக்கவில்லை என்று சொன்னேன். ஒரு வருசப்பிறப்புக்கு அவர் அனுப்பிய கொழுக்கட்டையில் ஒன்றைக் கடை வாசலில் புறாவுக்குப் போட்டதாகவும், புறா தின்னாமல் போனதாகவும் தோர்ண்டன் ஹீத்காரர் சொன்னார். டொக்டர் கடைசியாகப் பேசினார். அந்த முதல் மீன்குழம்பு தனக்குப் பிடிக்கவேயில்லை என்றார். மேலே அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, கீழே சமையலறை சூடாக இருந்தது, அதனால்தான் இறங்கி வந்தாராம்.

"அடுத்த நாளும் வந்தியளே," என்றேன்.

"அடுத்த நாளும் ஹீட்டர் சரியாகலையே. என்ன பண்றது?"

செவன் கிங்ஸ்காரர் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார். இடையிடையே விபரம் விசாரித்தார். கொழுக்கட்டையில் மாவா பிழை, உள்ளீடா? மீன்குழம்பில் புளி கூடவா, மீன் பழசா? சிலவற்றை ஒத்துக்கொண்டார். புரியாணியை ஒத்துக்கொள்ளவில்லை; அது அரிசியின் குற்றம் என்றார், அந்த அரிசி யாருடைய கடையில் வாங்கியது என்றும் சொன்னார். மகளை அழைக்கவில்லை. பருப்பும் வாழைக்காயும் நன்றாக இருந்தன என்று நாங்கள் சொன்னபோது முதல் தடவையாக அதை நம்பினார் என்று நினைக்கிறேன். தானும் ஒரு இலை போட்டுச் சாப்பிட்டார்.

திரும்பும் ரயிலில் தீர்மானமாயிற்று. தூள்தான் பிரச்சினை. உப்புக்கும் புளிக்கும் அவருடைய கை போதும். ஆனால் வறுக்கும்போது எப்போது இறக்குவது என்று மூக்குத்தான் சொல்ல வேண்டும். படையல் சாப்பாட்டை மணந்து பார்க்கலாமா என்ற கேள்வியை நான் எழுப்பினேன்; சாமிக்கு வைக்கும் பூவையே மணக்கக் கூடாது என்பது விதி. தூள் இன்னும் சாப்பாடு ஆகவில்லை, மூலப்பொருள் என்று செவன் கிங்ஸ்காரர் தீர்ப்புச் சொன்னார். ஏற்றுக்கொள்ளக்கூடிய தீர்ப்பு.

மூக்குக்கு ஆள் தேவைப்பட்டது. தோர்ண்டன் ஹீத்காரரின் மூக்குப் பலசரக்குக்குள்ளேயே வாழ்ந்து மரத்துப்போனது. டொக்டருக்கு ஓகஸ்டிலிருந்து ஒவ்வாமைத் தும்மல். ஆகவே நான். கவுன்சிலில் கொஞ்சக் காலம் உணவகப் புகைபோக்கி முறைப்பாடுகளையும் பார்த்தவன் என்பதை டொக்டர் நினைவுபடுத்தினார். முறைப்பாடு செய்தவரின் பின்வளவில் நின்று, காற்றை இழுத்து, மணம் எவ்வளவு கடுமை என்று குறித்துக்கொள்வதுதான் அந்த வேலை. அதை ஒரு தகுதி என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை செவன் கிங்ஸில் அவருடைய பின்வளவில் கூடினோம். மகளின் வீடு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்குள் வறுத்தால் அலாரம் அடிக்கும் என்பதால் வெளியே கேஸ் அடுப்பு வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். ஒரு தடவை வறுப்பது சட்டப்படி தொல்லையாகாது என்று சொல்லிச் செவன் கிங்ஸ்காரரைத் தைரியப்படுத்தினேன். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனித் தட்டில் இருந்தன. தாச்சி சூடானதும் அவர் மிளகாயைப் போட்டார். எல்லோரும் தும்மினோம், அவரைத் தவிர.

மிளகாயை எடுத்துவிட்டு மல்லியைப் போட்டார். முதலில் பச்சை மணம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக வேறொன்று எழுந்தது. அவர் அகப்பையால் கிளறிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு வியர்த்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மணத்தின் ஓரத்தில் ஏதோ மாறியது.

"இறக்கும்," என்றேன்.

இறக்கினார். மல்லியைத் தட்டில் பரப்பினார். கொஞ்சம் கருமையாக இருந்தது. பார்த்தால் சரி என்றும் சொல்லலாம், பிழை என்றும் சொல்லலாம்.

"சரியோ?"

டொக்டரும் தோர்ண்டன் ஹீத்காரரும் என்னைப் பார்த்தார்கள். அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். மல்லி அவரே கல் பொறுக்கிக் கழுவி வெயிலில் காயவைத்தது.

"இல்லை," என்றேன். "பிந்திப்போச்சு. நான்தான் பிந்திச் சொன்னது."

அவர் தட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சாப்பாட்டுக் கழிவுத் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து தாச்சியைத் துடைத்தார். பையிலிருந்து இன்னொரு பங்கு மல்லியை எடுத்தார். எங்களில் ஒருவரும் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.

இரண்டாம் தடவை மணம் எழுந்தபோது நான் யோசிக்கவில்லை.

"இப்ப."

"அவ எண்டா இன்னும் கொஞ்சம் விடச் சொல்லுவா," என்றார் கிளறிக்கொண்டே.

"அவ சொல்லுறது எனக்குத் தெரியாது. நான் சொல்லுறன், இப்ப."

இறக்கினார். சீரகத்துக்கும் அப்படியே. வெந்தயத்தைக் கடைசியில் போட்டு, போட்ட கையோடு இறக்கினார். அதற்கு என் அனுமதியைக் கேட்கவில்லை, தோர்ண்டன் ஹீத்காரரைத்தான் பார்த்தார். எல்லாம் ஆறுவதற்காகத் தட்டுகளை நிழலில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். கைகளில் தூசியாக இருந்ததால் ஒலிபெருக்கியில் வைத்தார்.

கேட்டரிங் வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். மூக்கைப் பற்றியும் சொன்னார், வானிலை சொல்வதுபோல. மறுமுனையில் அவள், ஆங்கிலத்தில், அப்பா, மணமே தெரியாமல் எப்படிச் சமைப்பீர்கள், பிழையாகிப்போனால் யார் சொல்லுவார்கள் என்று கேட்டாள்.

அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். திருப்தியோடு பார்த்தார் என்று சொல்ல முடியாது.

"அதுக்கு இஞ்ச மூண்டு பேர் நிக்கினம்," என்றார்.